வாலாட்டிக் குருவி முந்திக்கொண்டது

இழவுச் சாப்பாட்டுக்குக் கறுப்பு ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தாள் மாய்மு. செத்துப்போன கணவர் எண்டெலின் அக்கா ஹெல்ஜு எதிரே வந்து நின்றாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"அன்னைக்குக் காலையில அவனுக்கு ஒரு வாய் ரொட்டி குடுத்தியா, இல்லையா?"

மாய்முவின் கத்தி நின்றது.

வடக்கே குளிர்க்கடலில் இருக்கும் ஹீயுமா தீவில் வசந்தம் வந்தால் எதையாவது வாயில் போடாமல் யாரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். தெற்கேயிருந்து திரும்பிவரும் வாலாட்டிக் குருவியின் முதல் குரலை வெறும் வயிற்றோடு கேட்டால் குருவி ஏமாற்றிவிட்டது என்பார்கள். கேட்டவனுக்கு அடுத்த வசந்தம் கிடையாது. முப்பது வருஷமாக மாய்மு இதைக் கேலி செய்துவந்தாள். "இருபது கிராம் குருவி உங்களை ஏமாத்துமாக்கும்" என்பாள். எண்டெல் சிரித்துக்கொண்டே தலையணைக்கடியில் ஒரு துண்டு ரொட்டி வைத்துக்கொள்வார்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை அவருக்கு ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் துண்டை இவள்தான் முந்தின நாளே எடுத்து ஒளித்துவைத்தாள். கடலோரப் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை, குருவி வரப் பத்து நாளாவது ஆகும் என்றிருந்தாள். வாசலில் இறங்கினால், விறகுக் கொட்டகைக் கூரையில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது ஆண் குருவி. போன வருஷத்து இடத்தைப் பிடிக்க ஆண்தான் எப்போதும் முந்தி வரும். இரண்டு தடவை குரல் கொடுத்தது. எண்டெல் இவளைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

அதிலிருந்து அந்தக் குரல் அவளை விடவில்லை. குழாயைத் திறந்தாலும் கேட்டது, கண்ணை மூடினாலும் கேட்டது. நானே கொன்றுவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"குடுக்கல அண்ணி. நான்தான் வேண்டாம்னேன்."

ஹெல்ஜு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தொலைபேசி அடித்தது. சுகாதார நிலையத்து நர்ஸ். அவளுக்குச் சேதி தெரியாது.

"எண்டெல் வீடுதானேங்க? அன்னைக்கு எடுத்த ரத்தம் செல்லாது. ஊசி குத்தினப்புறம் மனுசன் சாவகாசமா சொல்றாரு, எழுந்ததுமே ஒரு துண்டு ரொட்டி தின்னுட்டேன், வீட்டம்மாகிட்ட சொல்லிடாதீங்கன்னு."

"ரொட்டி தின்னாரா?"

ஹெல்ஜு தலையை நிமிர்த்தினாள்.

"ஆமா, சட்டைப்பையில ஒளிச்சு வச்சிருந்தாராம். அடுத்த செவ்வாய் திரும்ப அனுப்புங்க. இந்தத் தடவையாவது நீங்க கொஞ்சம் கண்காணிங்கம்மா. எட்டரைக்கு வந்துடுவாரா?"

ஆமாம் என்று மாய்மு தலையசைத்ததும் ஹெல்ஜு முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"வந்துடுவார்" என்றாள் மாய்மு.

சுவர்க் காலண்டரில் செவ்வாய்க்கிழமைக்கு நேரே, எண்டெல், எட்டரை என்று எழுதிவைத்தாள்.