கண் விழித்துக் கேட்ட கச்சேரி

பேக்கரிக்காரரைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் கிடையாது. ஆனால் இருட்டிய பிறகு அவரை விழித்த கண்ணோடு பார்த்தவர்களும் கிடையாது.

நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மாவு பிசைகிறவர். ஊர் கண் விழிக்கும்போது முதல் தட்டு ரொட்டியை அடுப்பிலிருந்து வெளியே இழுத்திருப்பார். பொழுது சாய்ந்தால் அவர் தலையும் சாய்ந்துவிடும். சொந்தத் தங்கையின் கல்யாண வரவேற்பில், போட்டோவுக்கு நின்றுகொண்டே தூங்கியவர். அந்தப் போட்டோவை மச்சினன் போனில் பத்திரமாக வைத்திருக்கிறான். மாமா கோபப்படும்போதெல்லாம் எடுத்து நீட்டுவான்.

இப்பேர்ப்பட்ட மனிதரை அவர் மனைவி பாட்டுக் கச்சேரிக்கு அழைத்துப் போகிறாள். அதுவும் சாயங்காலக் கச்சேரிக்கு!

காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் அன்று நர்ஸ் சொன்னாள்: "உங்க வீட்டுக்காரர் ஒரு ராத்திரிகூட கண்ணை மூடலம்மா. அந்த நாற்காலியில உட்கார்ந்து நீங்க மூச்சு விடறதையே பார்த்துட்டு இருந்தார்."

வேறு யாரைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் அவள் சும்மா தலையாட்டியிருப்பாள். இவரா? இவர் தூங்கவில்லையா?

அன்றிலிருந்து அவளுக்கு மனசு கொள்ளவில்லை. புருஷனிடம் போய் நன்றி என்று எப்படிச் சொல்வது? சொன்னால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

அப்போதுதான் அந்தப் பாடகியின் கச்சேரி விளம்பரம் கண்ணில் பட்டது. பேக்கரி ரேடியோவில் விடியற்காலையில் வரும் குரல் அது. "இந்தம்மா பாடினா மாவு தானா பொங்குது" என்பார் அவர். வெளியூர்க் கல்லூரியில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகிற வழியில்தான் கச்சேரி நடக்கும் நகரம். மகளுக்கு ரகசியமாகப் போன் போட்டு டிக்கெட் எடுக்கச் சொன்னாள்.

"அப்பாவுக்கா? தலையணைக்கும் சேர்த்து ஒரு சீட் போடட்டுமா?" என்றாள் மகள்.

"வாயை மூடிட்டு ரெண்டு டிக்கெட் எடுடி."

தூக்கத்துக்கும் வழி யோசித்து வைத்திருந்தாள். காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் நகரத்துக்குப் போய்விடலாம். லாட்ஜில் ரூம் போட்டு நாலு மணி வரை நன்றாகத் தூங்கவிட வேண்டும். பிறகு குளியல், ஒரு டீ. ஆறு மணிக்கு அரங்கம். கச்சேரி முடியும்வரை அவர் கண் மூடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

கடையை மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டு, ரொட்டி போடும் வேனிலேயே கிளம்பினார்கள். பாதி தூரம் அவர் ஓட்டினார், மீதி தூரம் அவள். வழியெல்லாம் மச்சினனின் போன்.

"அக்கா, ஈஸ்ட் டப்பா எங்கே?"

"உன் கண்ணு முன்னாடிதான் இருக்கும்."

"அக்கா, பெரிய தட்டுல எத்தனை பன்னு வைக்கலாம்?"

"எத்தனை கொள்ளுமோ அத்தனை. போனை வைடா!"

லாட்ஜ் அறை சின்னதுதான். தடித்த திரையை இழுத்துவிட்டால் ராத்திரி மாதிரி இருட்டு. அவர் செருப்பைக் கழற்றினாரோ இல்லையோ, கட்டிலில் விழுந்தார்.

"நாலு மணிக்கு அலாரம் வச்சியா?"

"வைக்கிறேன், நீங்க படுங்க."

போனை எடுத்துப் பார்த்தாள். 'நாலு' என்று ஏற்கெனவே அங்கே இருந்தது. கடை திறக்கும் முன் ரொட்டிகளை எண்ணிப் பொட்டலம் கட்ட அவள் தினமும் எழுந்திருக்கும் நேரம் அல்லவா! நல்லதாகப் போயிற்று என்று தட்டிவிட்டு, போனைத் தலைமாட்டில் வைத்தாள். ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்ப்போம் என்று தானும் படுத்தாள்.

கடை ஆரம்பித்த நாளிலிருந்து மத்தியானத் தூக்கம் என்றால் என்னவென்றே அறியாத உடம்புகள் இரண்டும். அடித்துப் போட்டதுபோல் தூங்கின.

போன் அடித்தது. அலாரம் இல்லை, மச்சினன்.

"என்னக்கா, பாட்டுச் சத்தமே காணோம்? மாமா குறட்டைதான் கேட்குது. அங்கேயும் ஆரம்பிச்சிட்டாரா?"

"எங்கேடா?"

"கச்சேரியில!"

அவள் எழுந்து திரையை விலக்கினாள். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மணி ஏழைத் தாண்டியிருந்தது.

"ஐயையோ! என்னங்க! எந்திரிங்க!"

அவர் துள்ளி எழுந்தார். "அடுப்பு அணைஞ்சிடுச்சா?"

"அடுப்பும் இல்ல, துடுப்பும் இல்ல. கச்சேரி ஆரம்பிச்சு ஒரு மணி நேரமாச்சு!"

அவர் போனை வாங்கிப் பார்த்தார். சத்தமும் சரியாகத்தான் இருந்தது, நாலு மணியும் சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் 'காலை' என்று இருந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சாயங்காலம் என்று ஒரு நாலு மணி இருப்பதே அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் கிடையாது.

குளியலாவது டீயாவது! முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஓடினார்கள். அவர் வேனைக் கிளப்பினார். இரண்டு தெரு போவதற்குள் அவள் விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

"இதுக்கு ஏம்மா அழுவாங்க? ரேடியோவுல நாளைக்கும் பாடத்தானே போகுது அந்தம்மா."

"உங்களுக்காகத்தான் இவ்வளவும் பண்ணேன். நர்ஸ் சொன்னாங்க. நீங்க ஒரு ராத்திரிகூடத் தூங்கலையாமே. அதுக்கு நான் திருப்பிச் செய்யறது இதுதான்னு வந்தா, இதுலயும் மண்ணு."

"அந்த நர்ஸம்மாவுக்கு ஊசி போடறதைவிட ஊர்க்கதை பேசறதுதான் வேலை போல" என்றார் அவர். குரல் என்னவோ போலிருந்தது.

அரங்க வாசலில் காவலாளி வேனைப் பார்த்தார். பக்கவாட்டில் பெரிதாக வரைந்திருந்த ரொட்டியைப் பார்த்தார். கேட்டைத் திறந்து கையை நீட்டினார். "கேன்டீனுக்குத்தானே? பின்பக்கம் போங்க, சீக்கிரம்!"

"இல்லைங்க, நாங்க கச்சேரி..."

"பின்னாடி வண்டி நிக்குது பாருங்க, நகருங்க!"

நகர்ந்தார்கள். பின்பக்கம் கேன்டீன் கதவு திறந்திருந்தது. கப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த கேன்டீன் அம்மா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

"எனக்கு இன்னிக்கு ரொட்டி சொல்லலையே. யாரு நீங்க?"

பேக்கரிக்காரர் மனைவி டிக்கெட்டைக் காட்டி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். அலாரம், லாட்ஜ், இரண்டு மணிக்கு எழுந்திருக்கும் புருஷன், ஆபரேஷன் வரைக்கும். அவர் தர்மசங்கடமாக வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

கேன்டீன் அம்மா சிரித்துவிட்டாள். "டிக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டா இப்படித் திருட்டு முழி முழிக்கிறீங்க? இடைவேளை வரைக்கும் உள்ள விட மாட்டாங்க, அது இங்க சட்டம். அதோ அந்தக் கதவோரமா நில்லுங்க, நல்லாக் கேக்கும். டீ குடிக்கிறீங்களா?"

"வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமம் என்ன, கப்புதான் அடுக்கிட்டு இருக்கேன்ல."

இரண்டு பேரும் மூட்டைகளுக்கும் காலி பெட்டிகளுக்கும் நடுவில் டீயோடு நின்றார்கள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. அவர் டீயைக் குடிக்க மறந்து, கதவில் காதை ஒட்ட வைத்துக்கொண்டார்.

"மாவு பொங்குதா?" என்றாள் அவள்.

"சும்மா இரு."

இடைவேளை வந்தது. கேன்டீன் அம்மாவே அழைத்துப்போய்க் கதவுக்காரரிடம் சொன்னாள். "நம்ம ஆளுங்கதான், டிக்கெட் இருக்கு, சீட்டைக் காட்டி விடு." எத்தனையோ வருஷத்துப் பழக்கம் மாதிரி இருந்தது அந்த 'நம்ம ஆளுங்க'. அவள் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மா டீ கேட்கும் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

விளக்கு அணைந்தது. பாடகி மேடைக்கு வந்தாள். ரேடியோவில் கேட்ட குரலுக்கு ஒரு முகமும், ஆடும் ஒரு கையும் முளைத்தன. பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் மூன்றாவது பாட்டிலேயே கொட்டாவி விட்டார்.

அவள் மேடையைப் பார்க்கவேயில்லை. புருஷனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமை தாழ்ந்தால் இடிக்க முழங்கையைத் தயாராக வைத்திருந்தாள். அது தாழவேயில்லை. கண் காலைச் சூரியன் மாதிரி விரிந்து கிடந்தது. விரல்கள் மட்டும் முழங்காலில் மாவு பிசைந்துகொண்டிருந்தன.

"எம் மூஞ்சியில என்ன படமா ஓடுது? அங்க பாரு" என்றார் அவர், திரும்பாமலே.

கடைசிப் பாட்டு முடிந்து ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. அவரும் எழுந்து, தட்டைத் தட்டி மாவு உதிர்க்கிற மாதிரி படபடவென்று தட்டினார். கூட்டம் கலைய ஆரம்பித்த பிறகும் இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? நீ அலாரத்தைச் சரியா வச்சிருந்தா, ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்திருப்போம். ஏழரைக்கு நான் உன் தோள்ல சாஞ்சிருப்பேன். அரை நாள் தூங்கினதாலதான் இன்னிக்கு முழுசா கேட்டேன்."

"பொய் சொல்லாதீங்க. பாதிக் கச்சேரி போச்சு."

"எனக்கு எது பாதி? இதுக்கு முன்னாடி எதையாவது கடைசி வரைக்கும் பார்த்திருக்கேனா சொல்லு. சினிமாவுலகூட வில்லன் செத்தானா இல்லையான்னு உன்னைத்தானே கேட்பேன்?"

அவள் சிரித்தாள். அவர் முன் நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டே, மெதுவாகச் சொன்னார். "ஆஸ்பத்திரியில நான் முழிச்சிருந்தது பயத்துல. கண்ணை மூடினா நீ இருக்க மாட்டியோன்னு பயம். விடியவே விடியாது அங்க. இன்னிக்கு, ஆசையா முழிச்சிருந்தேன். நேரம் போனதே தெரியல."

இத்தனை நாளாகச் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததை, வெளிச்சமான அரங்கத்தில், நாற்காலிகளை மடக்குகிறவர்கள் நடுவில், அவள் சொல்லியே விட்டாள்.

"ரொம்ப நன்றிங்க."

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கல்லாவில் நிற்கும் அதே பவ்யத்தோடு தலையைச் சாய்த்தார்.

"நல்லதுங்க. மறுபடியும் வாங்க."

"அடப் போங்க!" என்று அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து எழுந்தாள்.