தில்லைப் பால்

மார்கழி மழை விட்ட காலைகளில் சாம்பல்தீவின் உப்புநீர்க் களப்போரம் ஆட்களைக் கூட்டிப்போய், சேற்றில் நிற்கும் கண்டல் மரங்களைக் காட்டுவது என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் மரத்தைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்ப்பார்கள். அன்று வந்த பாக்கியரத்தினம் அம்மா அப்படியல்ல. ஒவ்வொரு செடியிடமும் நின்றார்.

"எனக்கு வலது கண் மட்டுந்தான் தெரியும், பிள்ளை. மெல்லமாய்ப் போங்கோ," என்று முதலிலேயே சொல்லியிருந்தார். அவருடைய கணவர் இரத்தினசிங்கம் ஐயாதான் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மரத்தின் முன் நின்று, "இது தில்லை," என்றேன். முதலில் பெயர், பிறகு எச்சரிக்கை. அதுதான் என் வழக்கம். எச்சரிக்கைக்கு அன்று இடம் கிடைக்கவில்லை.

"தில்லையோ! சிதம்பரத்துத் தில்லையோ!" அம்மா கைகூப்பினார். திருவெம்பாவைக் காலம் வேறு. நான் கிண்ணியா ஊர் முஸ்லிம் பெண், ஷிஃபானா. அந்தப் பெயருக்குள் அவர்களுடைய நடராசர் நிற்பது எனக்கு எங்கே தெரியும்? அவர் ஓர் இலையைக் கிள்ளி, பக்தியோடு அந்தத் தெரிகிற கண்ணில் ஒற்றிக்கொண்டார். காம்பிலிருந்து வெள்ளைப் பால் வடிந்துகொண்டிருந்தது.

வாய் திறக்கும் முன்பே என் கை போய்விட்டது. ஓங்கித் தட்டினேன். இலை சேற்றில் விழுந்தது.

"ஆரின்ட கையைத் தட்டுறீர்? சாமி இலையெல்லோ அது!" ஐயா எனக்கு முன்னால் வந்து மறித்தார்.

"அந்தப் பால் பட்டாக் கண் போயிடும்! தள்ளுங்க!"

"சாமி மரம் கண்ணைக் கெடுக்குமோ?"

"எரியுது... ஐயோ, எரியுது," என்றார் அம்மா.

ஐயா விலகி வழிவிட்டார். அம்மாவைக் குந்தவைத்து, முகத்தைச் சரித்து, கூட வந்த எல்லாரிடமும் இருந்த தண்ணீர்ப் போத்தல்களை வாங்கி ஊற்றினேன். "கசக்காதீங்க, கசக்காதீங்க!" என்று கத்தினேன். பயத்தில்தான் கத்தினேன். இமை வீங்கி மூடிக்கொண்டது. ஓட்டோவிலும் ஊற்றிக்கொண்டே போனேன். அம்மா என் மற்றக் கையை விடவில்லை. "இருட்டாக் கிடக்கு, பிள்ளை," என்று மட்டும் சொன்னார். அல்லாஹ்வே, இருக்கிற ஒரு கண்ணையும் எடுத்துவிடாதே என்று வழியெல்லாம் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கழுவி, மருந்து விட்டு, இமையை விரலால் மெதுவாகப் பிரித்தார். "அம்மா, என்ன தெரியுது?"

அம்மா இமையைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். ஐயா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பிள்ளை..." என்றார் அம்மா. "தலையில முக்காடு. அழுதுகொண்டு நிக்குது."

ஐயா சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்தார். அம்மாவின் முகத்தைத் துடைக்கத்தான் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினார்.

"துடையுங்கோ, மகள்," என்றார்.