மாத்திரையும் குறியும்

என் அக்கா வீட்டுக்காரர் துப்பாக்கி சுடுவார். பயப்படாதீர்கள், காகித வட்டத்தை மட்டும்தான். பிழைப்புக்குப் பல் செட் செய்கிறார். இருபது வருடமாக நகர அணிக்குள் நுழையப் பார்த்து, ஒவ்வொரு தேர்விலும் ஓரிரு புள்ளியில் கோட்டை விட்டவர். இந்த வருடம் முதலிடம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அணியில் சேரப் படிவம் வந்தது. 'உட்கொள்ளும் மருந்துகள்' என்ற கட்டத்தில் அவர் பேனா நின்றுவிட்டது.

"என்ன மாமா, பரீட்சையா எழுதுறீங்க?"

"பைபாஸ் பண்ணதுலேர்ந்து பீட்டா பிளாக்கர்னு ஒரு மாத்திரை போடுறேன்ல? அது விளையாட்டுக்காரங்க போடக் கூடாத மருந்துப் பட்டியல்ல இருக்குடா. அதைப் போட்டா நெஞ்சுத் துடிப்பு குறையும், சுடும்போது கை ஆடாதாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நெஞ்சைப் பொளந்து தச்சதுக்குக் குடுத்த மாத்திரை! எழுதாம விடுங்க, யாரு பாக்கப் போறா? இல்லைன்னா ஒரு வாரம் நிறுத்திட்டுப் போய் சுடுங்க."

உள்ளேயிருந்து அக்கா பாய்ந்து வந்தாள். "வாயைக் கழுவுடா! திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே, காதுல விழலையா?"

மாமா சண்டைக்கு வரவில்லை. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார்.

"பைபாஸ் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு டாக்டர். நிறுத்தலாமா?"

டாக்டர் ஸ்கேனைப் புரட்டினார். "சிலருக்கு நிறுத்திப் பாக்கலாம். உங்க இதயம் அட்டாக்ல அடிபட்டது, பம்ப் பண்ற பலம் இன்னும் கம்மி. நீங்க தொடரணும்."

நேரே துப்பாக்கி சுடும் சங்கத்துக்குப் போனோம். இந்த விளையாட்டில் அந்த மாத்திரைக்கு விலக்கு வாங்குவது குதிரைக் கொம்பு என்றார் செயலாளர். மாமா கட்டத்தில் மாத்திரையின் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "எழுதலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே சார்."

"இந்தத் தடவை ஜெயிச்சது நானா, மாத்திரையான்னு எனக்கே தெரியல சார். அப்புறம் எந்த முகத்தோட அணியில நிப்பேன்?"

இருபது வருட ஆசையை ஒரு வரி எழுதி விட்டுக்கொடுத்த மனுஷனுக்குத்தான் நான் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தேன். அவர் காலில் விழாத குறை.

இரண்டாவதாக வந்தவள் ஒரு பஸ் கண்டக்டர். மாமாவே அவளுக்குப் போன் போட்டார். முதல் வார்த்தையிலேயே அவர் குரல் உடைந்தது. செருமிச் சரிசெய்துகொண்டார்.

"ரெண்டாவது வந்தோம்னு நினைக்காதம்மா. அன்னிக்கு முதல்ல வந்தது நீதான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."