பம்பு நின்ற பிறகு

நாங்கள் வெட்டுவது பொட்டாஷ், பயிருக்குப் போடுகிற உரம். பார்க்க உப்புக்கட்டி, தண்ணீர் பட்டால் உப்பைப் போலவே கரைந்துவிடும். சுரங்கத்தின் கூரையைத் தாங்குகிற தூண்களும் பொட்டாஷ்தான், வெட்டாமல் விட்டுவைத்தவை. அதனால் ஊறுகிற தண்ணீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதினெட்டு வருஷமாகப் பம்புக்கு நான்தான் பொறுப்பு.

உலகச் சந்தையில் விலை இறங்கினால் வெட்டுவதை நிறுத்துவார்கள். சரக்கு குறைந்து விலை ஏறியதும் ஆட்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள். கடல் தாண்டியிருந்த எதிர்க் கம்பெனியும் அப்படித்தான் செய்யும். இந்த வருஷம் அந்தப் பாவிகள் நிறுத்தவில்லை. எங்களை ஒழித்துக்கட்ட, கிடைத்த விலைக்கு விற்றுத் தள்ளினார்கள். எங்கள் ஆட்கள் முந்நூறு பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள். அதில் என் தம்பியும் ஒருவன், கைக்குழந்தைக்காரன்.

தினமும் சாயங்காலம் கேட்பான்.

"பம்பு ஓடுதாண்ணே?"

"ஓடுதுடா."

அது போதும் அவனுக்கு. வேலை திரும்ப வரும் என்று அர்த்தம்.

நாலாம் மாதம் மேனேஜர் பம்பு அறைக்கு வந்தார். முகமே சரியில்லை.

"கரண்ட் செலவு கட்டுப்படியாகலையாம். ஹெட் ஆபீஸ்ல பம்ப நிறுத்தச் சொல்றாங்க."

"இது என்ன சார், கடை ஷட்டரா? இன்னைக்கு மூடி நாளைக்குத் திறக்க?"

"எல்லாம் சொல்லிப் பாத்துட்டேன்ப்பா. விலை ஏறினா மறுபடி இறைச்சுக்கலாமாம்."

"தண்ணிய இறைக்கலாம். கரைஞ்ச தூண எவன் வந்து நடுவான்?"

கத்தித் தீர்த்தேன். வாய்தான் எனக்குப் பெரிசு. நிறுத்தாவிட்டால் எனக்கும் வேலை இல்லை என்றார். அடுத்த நிமிஷம் சுவிட்சை அணைத்தேன்.

அன்றைக்கும் தம்பி கேட்டான். தலையைக் குனிந்துகொண்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சில மாதத்தில் எங்கள் சுரங்கம் மூழ்கியது. அந்தச் செய்தி சந்தைக்கு எட்டியதுதான் தாமதம், எதிர்க் கம்பெனி விலையை ஒரேயடியாக ஏற்றியது. வாங்குகிறவர்களுக்கு வேறு நாதி ஏது? உடனே தலைமை அலுவலகத்து அதிகாரி என்னையே போனில் கூப்பிட்டார்.

"எத்தனை நாள்ல வெட்ட ஆரம்பிக்கலாம்?"

"தூணெல்லாம் கரைஞ்சு கூரை இறங்கிடுச்சு சார். இனி எந்தக் காலத்துலயும் முடியாது. நிறுத்தினா இப்படித்தான் ஆகும்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவர் திருப்பிக் கேட்டார்.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏங்க நிறுத்துனீங்க?"

அந்த ஆளை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.