பக்கத்து வீட்டைத் தேடும் சேவை

மீன்பிடிச் சங்கத்துக் கணினிச் சேர்வரில் ஒரு சேவையை நிறுத்திய செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள சங்க ஒழுங்கை என்ற சின்னத் தெருவில் இருபத்திரண்டு வீட்டுக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்குப் போக ஏலாமல் போனது. வீடு ஒன்றும் மறையவில்லை. மதிலுக்கு மேலால் கூரை தெரியும், குழம்பு தாளிக்கிற வாசம் வரும். கிண்ணியாவுக்குப் போகலாம், கொழும்புக்கும் போகலாம். தன் வாசல் படலையால் இறங்கி அடுத்த படலைக்குள் கால் வைத்தால் மட்டும் திரும்பவும் தன் வீட்டுக் குசினிக்குள்தான் நிற்க வேண்டும். அவர்களில் அலியார் தேசிக்காய் கேட்டு ஏழு தரம் போனார். ஏழு தரமும் தன் மனிசியிடமே கேட்டு ஏச்சு வாங்கினார்.

நிறுத்தியவள் நிரோஜினி. சங்கத்தின் கணினிகளைப் பார்ப்பவள், வருட ஒப்பந்தத்தில். அந்த மாதம்தான் அது புதுப்பிக்கிற மாதம். தேவையில்லாமல் பின்னால் ஓடுகிற சேவைகளை லினக்ஸ் சேர்வரிலிருந்து எடுக்கச் சொல்லிக் கொழும்புத் தலைமையகத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பான யோகலிங்கம் எழுதியிருந்தார். அவளும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்: இது என்ன வேலைக்கு, வேறெது இதை நம்பி இருக்கிறது, வெளியாட்களுக்குக் கதவு திறந்து வைத்திருக்கிறதா. கடைசியில் ஒன்று மிஞ்சியது. அதன் வேலை, பக்கத்தில் வேறு கருவிகள் இருக்கின்றனவா என்று கூப்பிட்டுத் தேடுவதும், நான் இங்கே நிற்கிறேன் என்று பதில் சொல்வதும். சேர்வருக்குப் பக்கத்தில் ஒரு பிரிண்டர்கூடக் கிடையாது. இப்படிப்பட்டதை இந்தத் தொழிலில் உடனே அழிக்க மாட்டார்கள். நிறுத்திப்போட்டு, ஆர் கத்துகிறார்கள் என்று ஒரு கிழமை, ஏழு நாள், பார்ப்பார்கள். ஒருவரும் கத்தாவிட்டால் தேவையில்லை. முறையில் பிழை சொல்ல ஏலாது.

கத்தியது றுக்கியா. நிரோஜினிக்கு அடுத்த வீடு, தனியாள், கண் மங்கல். பின்னேரம் ஐந்து மணிக்கு அவருக்கு இன்சுலின் ஊசி போடுவது ஆறு வருடமாக நிரோஜினிதான்.

"என்ன புள்ள, நேரமாகிட்டு, எங்க நிக்கிறாய்?" என்று போனில் கேட்டார்.

"உங்கட படலையிலதான் ராத்தா. வந்துகொண்டே இருக்கிறன், வந்து சேர ஏலாமக் கிடக்கு."

அன்றைக்கு மூதூரிலிருந்து றுக்கியாவின் தம்பி பஸ் ஏறி வந்து ஊசி போட்டார். தூரத்து ஆளுக்கு வழி சரியாகவே இருந்தது. அடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள், வயலில் நெல் வெட்டுத் தொடங்கிவிட்டது, இனி வர ஏலாது என்றார்.

நிரோஜினி சேர்வரின் பதிவைப் புரட்டினாள். சேவையை நிறுத்தியதும் ஒன்பது பத்து, வழி மாறியதும் ஒன்பது பத்து. கொழும்புக்குப் போன் எடுத்தாள். யோகலிங்கம் சிரிக்கவில்லை. அவருக்கு விதி தெரியும். முறைப்பாடு எழுத்தில் வரவேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்து வைக்கவேண்டும் என்றார்.

"அதுதானே சேர் ஏலாமக் கிடக்கு!"

"அப்ப முறைப்பாடு ஒண்டும் இல்லைத்தானே, தங்கச்சி. கிழமை முடியட்டும்."

"கிழமை முடிய முதல் ஊசி இல்லாம அந்த மனிசி முடிஞ்சிடும்."

"திரும்ப ஓட விட்டால் உங்கட ஒப்பந்தத்துக்கு நான் பொறுப்பில்லை, சொல்லிப்போட்டன்."

அவளுக்கு வந்த கோபம் சும்மா கோபமில்லை. "பொறுப்பெடுக்க வேண்டாம்" என்று போனை வைத்தாள். நாலு ஐம்பதுக்குச் சேவையை ஓடவிட்டாள். சேர்வர் படுத்து எழும்பினாலும் அது தானாக எழும்பும்படியும் செய்துவிட்டாள். ஐந்து மணிக்கு அடுத்த படலைக்குள் கால் வைத்தபோது றுக்கியாவின் முற்றம் காலுக்குக் கீழே இருந்தது. நிரோஜினிக்கு அழுகை வந்தது. ஊசியைப் போட்டுவிட்டு, முற்றத்துக் கதிரைகளில் இருந்து முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பினார்கள். ஆருக்குத் தேவை என்ற கட்டத்தில் றுக்கியா, இலக்கம் பதினாலு. சாட்சி நிரோஜினி, இலக்கம் பன்னிரண்டு. அவள்தானே பக்கத்து வீடு.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மாசக் கடைசியில் சேர்வரையே ஒரு வாகனத்தில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முதல் நாளே நிரோஜினி தன் பழைய மடிக்கணினியில் லினக்ஸைப் போட்டு, அந்த ஒரு சேவையை மட்டும் ஓடவிட்டு, றுக்கியாவின் அலுமாரிக்கு மேல் வைத்திருந்தாள். இப்போது கட்டைபறிச்சானில் ஒரு அரிசி ஆலையின் கணினிகளைப் பார்க்கிறாள். சம்பளம் குறைவு. அதைப்பற்றி ஆரும் இரக்கப்பட்டுக் கேட்டால், கேட்டவர் வாயைப் பொத்திக்கொண்டு போகவேண்டி வரும். அந்த ஒழுங்கையில் அனுமதியில்லாத சேவை ஏதும் ஓடுகிறதா என்று கொழும்பிலிருந்து வருடத்துக்கு இரண்டு கடிதம் வரும். ஓம், ஓடுகிறது, நிறுத்த மாட்டோம் என்று ஒழுங்கையார் பதில் போடுவார்கள்.

போன மாரியில் இடி விழுந்து மடிக்கணினியின் சார்ஜர் எரிந்தது. பற்றரி அதற்கு முதலே ஊதிப்போய், கழற்றி எறிந்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் போய்வருவது நிற்காததால், புதிது வாங்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. றுக்கியா வெள்ளிக்கிழமைகளில் அலுமாரியைத் தூசு தட்டும்போது, கண் மங்கலானதால் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாகத்தான் இருக்கிறது.