பாலத்துக்கு அப்பால் வேறு சட்டம்

"போடு," என்றாள் வெர்னா. இரும்புப் பெட்டியின் மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹோபர்ட் போடவில்லை. வாடகை லாரியின் பின்கதவில் சாய்ந்துகொண்டு, காகிதக் கோப்பையில் இருந்த காபியை ஊதி ஊதிக் குடித்தான். மேற்கு வர்ஜீனியாவின் கடைசிப் பெட்ரோல் பங்க் அது. அதற்கப்புறம் பொட்டோமாக் ஆறு. பாலம் ஏறினால் மேரிலாந்து.

பெட்டிக்குள் அவளுடைய சின்னப் பிஸ்டல், குண்டுகளைக் கழற்றி, துணியில் சுற்றிக் கிடந்தது. அவனுடைய ரிவால்வர் வலது இடுப்பில், உறைக்குள், ஜாக்கெட்டுக்கு அடியில் இருந்தது.

"நான் எவ்வளவு நேரம் இதத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கறது?"

"நான் உன்னப் பிடிக்கச் சொன்னேனா?"

"நீ சொல்லல. சட்டம் சொல்லுது."

"எந்தச் சட்டம்? டென்னஸியில நான் யோக்கியன். வர்ஜீனியாவுல யோக்கியன். இதோ இங்க, இந்தக் கக்கூஸ் நாத்தத்துல நிக்கும்போதும் யோக்கியன். ஆத்தத் தாண்டினதும் ரவுடியாயிருவேனா? அதே ஆளு, அதே இடுப்பு, அதே லைசென்ஸ் கார்டு."

"அந்தக் கார்டு அங்க செல்லாது, ஹோபர்ட். ஷெல்பி போன்ல எத்தன தடவ படிச்சுக் காமிச்சா."

"மக படிச்சுக் காமிச்சா அப்பன் கேட்டுக்கணும். காலம் அப்படி ஆயிருச்சு."

புது மாநிலத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வகுப்புக்குப் போக வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், சுட்டுக் காட்ட வேண்டும், பிறகு பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் வெளியே எடுத்துக்கொண்டு போகக்கூடாது. அதுதான் அவனுக்கு ஆறவில்லை.

"எழுபத்தொரு வயசுல, துப்பாக்கிய எப்படிப் பிடிக்கறதுன்னு எவனோ ஒருத்தன் எனக்குச் சொல்லித் தரப்போறானா?"

"சொல்லித் தரட்டுமே. உன் குறி எப்பவும் இடது பக்கமாத்தான போகும்."

அன்று காலையிலிருந்து அப்போதுதான் அவன் முதல்முறையாகச் சிரித்தான்.

மிட்டாயும் சோடாவும் விற்கும் இயந்திரங்களை நிரப்பி, அவற்றிலிருந்து சில்லறையை எடுத்து வருவதுதான் ஹோபர்ட்டின் வாழ்நாள் வேலை. ஷெல்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு சலவைக்கடைக்குப் பின்னால் இரண்டு பேர் அவனை இரும்புக் குழாயால் அடித்துப் போட்டுவிட்டுச் சில்லறைப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தாடையைக் கம்பியால் கட்டி, குழாய் வழியாகக் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தான். எழுந்ததும் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றான். வகுப்புக்குத் தனியாகப் போகக் கூச்சப்பட்டான். துணைக்கு வெர்னாவும் போனாள். கடைசி நாளில் இரண்டு பேரும் சுட்ட குறி அட்டைகளைச் சுவரில் மாட்டினார்கள். அவள் சுட்டதெல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தது. "எம் பொண்டாட்டி என்னவிட நல்லாச் சுடுவா. அதான் நான் வீட்ல வாயே தொறக்கறதில்ல" என்று முடிவெட்டும் கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவளுக்கு அந்தப் பிஸ்டல் கைப்பையில் கிடக்கும் ஒரு சாமான். இருந்தால் இருக்கும், மறந்தால் மறந்துபோகும். அவனுக்கு அப்படியில்லை. குளிக்கும்போதும் படுக்கும்போதும் மட்டும்தான் அது இடுப்பைவிட்டு இறங்கியது.

போன குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. "இங்க வந்துருங்க, கீழ்த்தளத்த உங்களுக்காகவே சரி பண்ணிட்டேன்" என்று ஷெல்பி கூப்பிட்டாள். வீட்டை விற்றார்கள். ஷெல்பி போட்டது ஒரே நிபந்தனைதான். துப்பாக்கிகள் சட்டப்படி, பூட்டிய பெட்டிக்குள் வர வேண்டும். "சரி சரி" என்றான் ஹோபர்ட். போனை வைப்பதற்காகச் சொல்கிற சரி அது.

"வச்சித் தொலை. நான் பாத்ரூம் போயிட்டு வரேன்," என்று பெட்டியை லாரியின் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள் வெர்னா.

திரும்பி வந்தபோது பெட்டி பூட்டியிருந்தது. சாவியை அவள் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டிவிட்டு பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. ஏறு."

செப்டம்பர் வெயில் கண்ணாடி வழியாக மடியில் வந்து விழுந்தது. லாரியின் ஏ.சி. வெறும் சத்தம்தான் போட்டது. அவள் ஸ்வெட்டரைக் கழற்றிக் காலடியில் போட்டாள். அவன் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டிருந்தான். நெற்றியில் வியர்வை வழிந்தது.

வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது. கேட்க வாயைத் திறந்தாள். பாலத்தின் இணைப்புகள் சக்கரத்துக்கு அடியில் தடதடத்தன. காலையில் மெத்தையை எப்படிக் கட்டுவது என்று ஒரு சண்டை போட்டாகிவிட்டது. எந்தச் சாலையில் போவது என்று இன்னொன்று. இப்போது இது. ஷெல்பி வீட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. தொலையட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

பாலம் தாண்டிச் சற்று தூரம் போனதும் அவன் நெஞ்சைத் தேய்த்தான்.

"காலையில தின்ன சாசேஜ் இங்கயே நிக்குது."

"நிறுத்து. நான் ஓட்டறேன்."

"இந்த லாரிய நீ ஓட்டுவியா?" என்றான். ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் அடுத்த வழியிலேயே வண்டியைத் திருப்பி, ஒரு கோழிக்கறிக் கடையின் வாசலில் நிறுத்தினான். கதவைத் திறந்து இறங்கினான். கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, கொடியிலிருந்து நழுவும் துணிபோல மடிந்து கீழே விழுந்தான்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தோள் அகன்ற ஒரு பெண் அவன்மேல் குனிந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். கூட வந்தவன் கத்தரியால் ஜாக்கெட்டைக் கீழிருந்து வெட்டினான்.

"துப்பாக்கி இருக்கு!" என்று கத்தினான்.

அழுத்திக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஒரு கணம்தான். வெர்னா அதைப் பார்த்தாள்.

"நான் எடுக்கறேன். எனக்குத் தெரியும், விடுங்க," என்று முழங்காலிட்டாள்.

"தொடாதீங்க மேடம்! பின்னால போங்க! போங்கன்னு சொல்றேன்ல!"

கைகள் மறுபடி அழுத்த ஆரம்பித்தன. மற்றவன் பெல்ட்டை அறுத்து, உறையோடு ரிவால்வரை எடுத்துத் தள்ளித் தரையில் வைத்துவிட்டு, அதற்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றான். ஒரு நொடியில் அதிலிருந்து குண்டுகளைக் கழற்றிவிடக்கூடியவள், வெறுங்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹோபர்ட்டை வண்டியில் ஏற்றியபோது போலீஸ் கார் வந்தது. வெர்னா ஆம்புலன்ஸ் படியில் கால் வைத்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம்." இளம் போலீஸ்காரன். சட்டையில் பிரெஸ்லின் என்று எழுதியிருந்தது. "நீங்க ஏதாவது ஆயுதம் வச்சிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உடம்பில் இல்லைதானே? ஆனால் போலீஸ் கேட்டால் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது அப்படியே மனசில் தங்கிவிட்டது.

"லாரியில இருக்கு. பெட்டிக்குள்ள, பூட்டி."

"சாவி?"

ஆம்புலன்ஸின் கதவு மூடிக்கொண்டது.

"அவன் பாக்கெட்ல," என்றாள் வெர்னா.

சைரன் சத்தம் தூரத்தில் தேய்ந்து மறைந்தது. பிரெஸ்லின் தன் தோளில் மாட்டியிருந்த கருவியில் யாரிடமோ பேசினான். பிறகு அவளிடம் திரும்பினான். பணிவாகத்தான் பேசினான். அந்தப் பணிவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லாரிய இப்படியே விட்டுட்டுப் போக முடியாது மேடம். இன்னொரு ஆபீசர் வந்துட்டிருக்கார். வந்ததும் நானே உங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அவன் செத்துட்டிருக்கான், தம்பி."

"புரியுது மேடம். நீங்க இந்த வழியாப் போயிட்டிருக்கீங்களா, இல்ல இங்க குடி வர்றீங்களா?"

"என்ன?"

"வழியில போறவங்கன்னா ஒரு ரூல். இங்கயே தங்க வர்றவங்கன்னா வேற ரூல்."

"குடி வர்றோம். இன்னும் வந்து சேரல. மக வீடு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு."

"அப்படின்னா டென்னஸிக்காரங்கன்னு எழுதவா, இல்ல..."

"சாகறதுக்கு எந்த ரூலு, அதச் சொல்லு. டென்னஸி ரூலா, உங்க ரூலா?"

அவன் காது சிவந்தது. கோழிக்கறிக் கடை வாசலில் நான்கைந்து பேர் பொட்டலத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். எண்ணெய் வாசனை வீசியது. வெர்னாவுக்கு யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. இந்தப் பையனை இல்லை. இவன் என்ன செய்வான்? தரையில் உறையோடு கிடக்கும் அந்தச் சனியனைத் தூக்கி ஆற்றில் எறிய வேண்டும். பூட்டிய பெட்டியை எறிய வேண்டும். கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டி ஓட்டிய அந்த முரட்டுக் கழுதையை உலுக்கி எழுப்பி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

"இன்னும் ஒரே கேள்விதான்," என்றான் பிரெஸ்லின். "அவர் அதப் பெட்டியில வைக்கலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

பேனா நின்றது.

"போட்டாச்சுன்னு சொன்னான். ஜாக்கெட்டக் கழட்டல. தெரிஞ்சுபோச்சு. சண்ட போட்டுப் போட்டு எனக்கு அலுத்துப்போச்சு, தம்பி. இன்னும் ஒரு மணி நேரந்தானன்னு விட்டுட்டேன்."

நெடுஞ்சாலையில் ஒரு டேங்கர் லாரி இரைந்துகொண்டு போனது. அது தாண்டிப் போனதும் பிரெஸ்லின் பேனாவைச் சட்டைப் பையில் செருகினான்.

"அந்தச் சத்தத்துல நீங்க சொன்னது எனக்குக் கேக்கல மேடம். திரும்பக் கேக்கவும் போறதில்ல."

"கேட்டுச்சு உனக்கு. எழுதிக்கோ. எழுதினா சீக்கிரம் போக விடுவியா? அப்படின்னா எழுதிக்கோ!"

அவன் எழுதவில்லை. அதனால் சீக்கிரமும் ஆகவில்லை. இன்னொரு கார் வந்து நிற்கும்வரை இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அவளை நடைபாதையிலேயே எதிர்கொண்டாள். பக்கத்து அறையைக் காட்டி உட்காரச் சொன்னாள். வெர்னா உட்காரவில்லை.

"எப்போ?"

"இப்பத்தான் மேடம். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால. எங்களால முடிஞ்சதெல்லாம்..."

"நடுவுல ஒரு தடவ கை நிறுத்தினாங்க. நான் பாத்தேன்."

"அதனால எதுவும் மாறியிருக்காது," என்றாள் டாக்டர். சொல்லிவிட்டு வெர்னாவின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் நின்றாள். வெர்னா தலையாட்டினாள். நம்பினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஷெல்பி வேலையிலிருந்து நேராக ஓடி வந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. அம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் நிமிர்ந்தாள்.

"போலீஸ்ல பேசினாங்க. அப்பா இடுப்புல இருந்துச்சாமே?"

"இருந்துச்சு."

"நான் அவ்வளவு சொன்னேனேம்மா!"

"சொன்ன."

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நானும் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்லல."

ஷெல்பி கைக்குட்டையைக் கசக்கினாள். "உன்னோடதையும் அவங்ககிட்டயே குடுத்துரும்மா. வீட்டுக்குள்ள அந்தச் சனியனே வேண்டாம்."

காலையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் யாராவது கேட்டிருந்தால் வெர்னா மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பாள். சற்றுமுன் அவளே ஆற்றில் எறியத் தயாராக இருந்தவள்தான். இப்போது மகளின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் எங்கோ சுருக்கென்றது.

"அது என்னோடது. அத என்ன பண்றதுன்னு நான் பாத்துக்கறேன்."

"அம்மா, இப்பவுமா?"

"உங்கப்பன இன்னும் நான் கண்ணால பாக்கலடி. அதுக்குள்ள நீ பெட்டிக்குப் பஞ்சாயத்துப் பண்ற."

ஷெல்பி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில், "அப்பாவ இங்கயே..." என்று ஆரம்பித்தாள்.

"ஊருக்குத்தான் கொண்டுபோகணும். அவங்கம்மா கல்லறைக்குப் பக்கத்துல."

"வீட்ட வித்தாச்சேம்மா."

"வீட்டத்தான வித்தோம்," என்றாள் வெர்னா.

அறைக்குள் அவள் மட்டும் போனாள். ஹோபர்ட்டின் வாயிலிருந்த குழாயை எடுத்திருந்தார்கள். தலைமுடியை யாரோ ஈரக்கையால் ஒதுக்கி, அவன் ஒருநாளும் எடுக்காத பக்கம் வகிடு எடுத்துவிட்டிருந்தார்கள். வயதான ஒரு நர்ஸ் அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெர்னாவைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டாள்.

"மேடம், மன்னிச்சுக்கோங்க, ஒண்ணு கேக்கணும். விழுந்ததுல ஏதும் அடியான்னு குறிக்கணும். இங்க பாருங்க." போர்வையை லேசாக விலக்கி வலது இடுப்பைக் காட்டினாள்.

எலும்பு மேடிடும் இடத்தில், தோல் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துத் தடித்திருந்தது. குதிகால்போலக் காய்த்துப்போயிருந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு வெடிப்பு.

"அடி இல்ல," என்றாள் வெர்னா. "அது பழசு. துப்பாக்கி உறை ஒரசி ஒரசி வந்தது."

நர்ஸ் குறித்துக்கொண்டாள். போர்வையை மூடிவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் போனாள்.

வெர்னா கட்டிலருகே நின்றாள். வெளியே ஷெல்பி யாரிடமோ போனில் பேசும் குரல் கேட்டது. கை கழுவும் தொட்டிக்கு மேலே லோஷன் புட்டி ஒன்று இருந்தது. போய் இரண்டு தடவை அமுக்கி உள்ளங்கையில் எடுத்தாள். சில்லென்றிருந்தது. இரண்டு கைகளையும் சேர்த்து, சூடேறும்வரை தேய்த்தாள். பிறகு வந்து, இடுப்பில் அந்த இடம் மட்டும் தெரியும்படி போர்வையை ஒதுக்கி, காய்த்த தோலில் மெல்லத் தடவினாள்.