ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று

இரண்டு கல்லூரிகளுமே அவளுக்கு இடம் தந்துவிட்டன. மாலை ஐந்து மணிக்குள் ஒன்றுக்குச் சரி, மற்றதற்கு வேண்டாம் என்று பதில் அனுப்பியாக வேண்டும். ஒன்று, மூட்டையும் தசையையும் கையாலேயே பிடித்துச் சரிசெய்யும் பிசியோதெரபி மேற்படிப்பு. மற்றது, மூச்சுத் திணறலும் நெஞ்சுச்சளியுமாகக் கிடக்கிறவர்களுக்கான பிசியோதெரபி. முதலாவதற்காகத்தான் அவள் மூன்று வருடம் தவம் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே கட்டைவிரல். கழுத்துப் பிடிப்போடு வருகிறவர்கள், "கட்டைவிரலம்மா இருக்காங்களா?" என்றுதான் விசாரிப்பார்கள். அண்ணன் தன் மருந்துக்கடை மாடியை அவள் கிளினிக்குக்கென்று காலி செய்து, வெள்ளையும் அடித்து வைத்துவிட்டான்.

அந்த வலது கைக் கட்டைவிரல்தான் நான்கு மாதமாக மரத்துக் கிடந்தது, பக்கத்து இரண்டு விரல்களோடு சேர்ந்து. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று அவளுக்கே தெரிந்து, பட்டை போட்டுப் பார்த்தாள். பயனில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்று மதியம், சிகிச்சை அறைத் திரைக்குப் பின்னால், கூடவே படித்துக் கூடவே வேலைக்குச் சேர்ந்த தோழி குச்சியிடம் மட்டும் சொன்னாள்.

"நாலு மாசமா? இதையே நோயாளி சொன்னா அன்னிக்கே ஏன் வரலன்னு அந்தக் கத்து கத்துவ."

"கத்தினது போதும். டெஸ்ட் பண்ணுடி."

குச்சி ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி இரண்டு முனைகளாக வளைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, விரலில் படுவது ஒரு முனையா இரண்டா என்று சொல்ல வேண்டும்.

"ஒண்ணு... ரெண்டு... ரெண்டு... ஒண்ணு... ரெண்டு."

"அஞ்சுக்கு அஞ்சு. உனக்கு ஒண்ணுமில்ல, மகராசி. காலேஜ்ல போய்ச் சேர்ற வழியப் பாரு."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. விரலில் எதுவும் பட்டதாகவே தெரியவில்லை. கல்லூரியில் இந்தப் பரிசோதனையைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை எப்போதும் அதே வரிசையில்தான் தொடுவார். குச்சியின் கைக்கும் அந்தப் பழக்கம், தன் வாய்க்கும் அந்தப் பழக்கம். அஞ்சுக்கு அஞ்சு என்றே போகட்டும் என்று பேசாமல் இருந்துவிடலாம். அதை நினைத்தபோது பயமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை.

"குச்சி, வரிசைய மாத்தி வை."

"எந்த வரிசைய?"

"டீச்சர் வரிசைய."

குச்சியின் சிரிப்பு நின்றது. இவள் விரலை நீட்டியபடி காத்திருந்தாள்.

"ரெண்டு," என்றாள் இவள். "ரெண்டுதானே?"

கண்ணைத் திறந்தாள். குச்சியின் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

"நான் இன்னும் வைக்கவே இல்லடி."

கட்டிலின் ரெக்சின் கிழிசலைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாம்ல?" என்றாள் குச்சி.

"பண்ணலாம். பண்ணிட்டுத் திரும்ப நாள் முழுக்க இதே விரலால அழுத்தணும். ஒருத்தர் கழுத்துல எவ்வளவு அழுத்துறேன்னு எனக்கே தெரியலன்னா?"

அவள் போனை எடுத்து, இடது கையால் முதல் கல்லூரிக்கு 'வேண்டாம்' என்றும், நெஞ்சுப் படிப்புக்குச் 'சரி' என்றும் அழுத்தினாள். நிச்சயந்தானா என்று போன் கேட்டது. ஆம் என்றாள். அழுகை வருமோ என்று சற்றுக் காத்துப் பார்த்தாள். வரவில்லை. அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தக் கைப் படிப்பு வேணாம்னுட்டேன். விரல்ல கோளாறு."

"ஐயோ, வலிக்குதாம்மா?"

"இல்ல."

"வலியே இல்லன்னா அப்புறம் என்னம்மா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.